யவனர் தேறலும் நிலமும் பொழுதும்

பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலை நாளும் உண்டு இனிது வாழுமாறு அவனை வாழ்த்துகின்றார் (புறநானூறு 56). நம் நாட்டிலும் தேறல் இருந்தது. மலைநாட்டார் தேனை மூங்கிற் குழாயிலிட்டு முதிர்வித்தனர். மருதத்தார் அரிசியினின்றும், நெய்தலார் பனையினின்றும் கள் ஆக்கினர். அங்ஙனமாக, கடல் கடந்து வந்த தேறலைப் புலவர் தனித்துக் கூறுவானேன்? இவ்வினாவிற்கு விடை காண, அம்மது பிறந்த நிலத்தை ஆராய்தல் வேண்டும்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் கூறும். திராட்சை மதுவிற்கும் இவ்விரண்டுமே முதல். இத்தாலியின் கம்பானியா நாட்டில் விளைந்த பலேர்னிய மது உரோமரிடையே பெரும்புகழ் பெற்றது. கி.பி. 79இல் மறைந்த பிளினி, ஒரே மலைச்சாரலின் உச்சி, இடை, அடி ஆகிய மூன்றிடத்தும் விளைந்த மதுக்களுக்கு வெவ்வேறு பெயர் வழங்கியமையைக் குறித்துள்ளார். மண்ணின் சுவை அப்படியே மதுவில் ஏறுவதன்று. நீர் தங்காத எரிமலை மண்ணில் கொடி அளவாகத் தழைக்கும்; கனி சிறுத்துத் தோலின் பங்கு மிகும்; நிறமும் மணமும் செறியும். நிலம் பெரிதும் நீரின் வாயிலாகவே தொழிற்படுகின்றது என்க.

இனிப் பொழுது. நடுநிலக்கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தது, கோடை வறண்டது. வெயிலாற் கனியின் இனிப்பு மிகும், புளிப்புக் குறையும். இரவுக் குளிர்ச்சி அப்புளிப்பு முற்றும் அழியாது காக்கும். இனிப்பே நொதித்து வெறியாகின்றது. புளிப்பு மதுவிற்குத் தெளிவும் நிலைபேறும் தருகின்றது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குதல் அக்கொடியின் இயல்பு. அவ்வுறக்கம் வாய்க்காத நம் கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துச் செய்தே காய்க்க வைக்கின்றனர். ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேலும் அறுவடை நிகழ்கின்றது.

மூன்றாவது மரபு. ஈஜியக் கடலிலுள்ள கோஸ் தீவினர் மதுவிற் கடல்நீர் கலந்தனர். கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான கேட்டோ, அம்மதுவை இத்தாலியிலேயே ஆக்கும் முறையை எழுதிவைத்தார். மது கசியாதிருக்கச் சாடியின் உட்புறத்தே மரப்பிசினாலாய கீலைப் பூசினர். அம்மணமும் மதுவிற் கலந்தது. நிலம் ஒன்றாயினும் மரபு மாறின் சுவை மாறும். மரபு பெயர்ந்து செல்லின் ஒருநிலத்துச் சுவை பிறநிலத்திலும் ஓரளவு தோன்றும்.

1945இல் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுட் பல கோஸ் வடிவைச் சார்ந்தன. அவ்வடிவம் இத்தாலியிலும் பின்பற்றப்பட்டதாகலின், வடிவு கொண்டே மது பிறந்த ஊரைத் துணிதல் பொருந்தாது. சாடியின் மண்ணையும் நோக்குதல் வேண்டும். முசிறிக்கு வந்த பொருள்களுள் மதுவைக் குறிக்கும் 'பெரிப்புளூஸ்' என்னும் கிரேக்க நூல், அது மிகுதியாக வரவில்லை என்றும் கூறுகின்றது. அருமை கருதியே அது வேந்தன் அவைக்குரியதாயிற்று எனலாம்.

எனவே, யவனர் தேறலைப் பொதுவாகக் 'கள்' என உரைத்து அமைதல் போதாது. மூங்கிலில் முதிர்ந்த தேறல் குறிஞ்சியைக் காட்டுவதுபோல, இதுவும் தான் பிறந்த திணையைத் தன் மணத்திலேயே ஏந்தி வந்தது. அவ்வேறுபாட்டைப் புலப்படுத்தும் உரையே புலவர் கருத்திற்கு ஒத்த உரையாகும் என்பது நம் துணிபு.