பெஞ்சில் நடக்கும் வைத்தியம்

பேறுகாலம் – 11

சென்ற வாரம் ரத்தசோகையைப் பற்றி எழுதியிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையை வாங்கிப் போகிற கர்ப்பிணிகள் எல்லோரும் அதை விழுங்குவதில்லை என்பதில் அந்த அத்தியாயம் நின்றது. ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டால், "போடுறேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கர்ப்பிணி கேட்டால் உண்மையான காரணம் வரும். அந்த இரண்டாவது பேச்சைப் பற்றித்தான் இந்த வாரம். அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். பேறுகால வைத்தியத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் வந்து இறங்குவார்கள். கையில் தாய் சேய் நல அட்டை, தண்ணீர் பாட்டில். சிலருக்குத் துணையாக அம்மாவோ மாமியாரோ. எடை, பிரஷர், ரத்தம், வயிற்றுப் பரிசோதனை என்று வரிசை நகரும். டாக்டரின் முன்னால் உட்காரும் நேரம் சில நிமிடங்கள். வெளியே பெஞ்சில் உட்காரும் நேரம் மணிக்கணக்கு.

அதிலும் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவர்களால் எழுந்து போகவே முடியாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயம் இல்லாத இந்த முறையைப் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர் வி.சேஷய்யா. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10-தான் தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். தூரத்து ஊர்க்காரப் பெண் சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறலாம் என்பது சாதாரண உதவி அல்ல. அந்த 2 மணி நேரக் காத்திருப்பில் இன்னொரு நன்மையும் தானாகவே நடக்கிறது. பெண்கள் பேசுகிறார்கள்.

வட மாவட்டக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்தில் காதில் விழுந்த பேச்சு இது. தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண், ஆறாம் மாதம், குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்த பெண்.

"வாந்தி எடுத்துடாத கண்ணு. எடுத்தா நாளைக்கு மறுபடியும் வந்து குடிக்கணும்" என்று பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார் மூத்தவர். "இத மோந்து பாத்துக்கினே இரு."

கொஞ்ச நேரம் கழித்து இளையவர் வாயைத் திறந்தார். "அக்கா, உங்களுக்கு இந்தச் செவப்பு மாத்திரை ஒத்துக்குதா?"

"ஏன், உனக்கு என்னா பண்ணுது?"

"போட்டா கருப்பா போவுதுக்கா. உள்ள ரத்தம் கெட்டுப்போச்சோன்னு பயந்துகினு நிறுத்திட்டேன். வீட்டுல சொல்லல."

"தலைச்சனுக்கு நானும் அப்படித்தான் பயந்தேன். அது இரும்புச்சத்து, அப்படித்தான் போவும், ஒண்ணும் பண்ணாது. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் போட்டுட்டுப் படுத்துடு, கொமட்டல் தெரியாது. டீ குடிச்ச கையோட மட்டும் போடாத. அந்த வெள்ளை மாத்திரையோடவும் சேக்காத."

மருத்துவப் பாடத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பேச்சில் ஒரு பிழைகூட இல்லை. இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பது இயல்பு. தேநீர் இரும்பைச் சேரவிடாது. வெள்ளை மாத்திரை சுண்ணாம்புச் சத்து. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு உடலில் ஏறுவது குறையும். நர்ஸம்மா இதையெல்லாம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். ஆனால் மலத்தின் நிறத்தைப் பற்றி டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல இளம்பெண்ணுக்குக் கூச்சம். அதே பயத்தைக் கடந்து வந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததால்தான் கேள்வி வெளியே வந்தது. கேள்வி வெளியே வந்தால்தான் பதிலுக்கு வேலை.

பேச்சால் உயிர் காக்க முடியுமா என்று கேட்கலாம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நேபாளத்தில் மக்வான்பூர் என்றொரு மலை மாவட்டம். பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில்தான் நடந்த காலம் அது. உள்ளூர்ப் பெண் ஒருவர் நடத்த, ஊர்ப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேறுகாலச் சிக்கல்களைப் பேசினார்கள். குழுக்கள் கூடிய பகுதிகளில், பிறந்து 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் மற்றப் பகுதிகளைவிட 30 சதவீதம் குறைந்திருந்தது. இந்த ஆய்வு 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

அடுத்தது நம் நாட்டிலேயே நடந்தது. ஜார்க்கண்டின் சக்ரதர்பூரில் பிரசாந்த திரிபாதியும் நிர்மலா நாயரும் தொடங்கிய 'ஏக்ஜுட்' அமைப்பு, ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 2005 முதல் 2008 வரை இதே போன்ற குழுக்களை நடத்திப் பார்த்தது. எழுத்தறியாத பெண்களும் கலந்துகொள்ளப் பட அட்டைகள், கதைகள், விளையாட்டுகள். ஒரு கதையில் குழந்தை இறந்துவிடும். ஏன் இறந்தது என்று பெண்களே தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். நம் ஊரில் இது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 45 சதவீதம் குறைவாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்களின் எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை என்பது. மாறியது வீட்டுக்குள்தான். பிரசவம் பார்ப்பவர் கை கழுவினார்; கொதிக்க வைத்த நூலால் தொப்புள்கொடி கட்டப்பட்டது; பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்டது. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய 4 நாடுகளில் நடந்த 7 ஆய்வுகளைச் சேர்த்து 2013-ல் கணக்கிட்டபோது ஒரு நிபந்தனை புலப்பட்டது. கர்ப்பிணிகளில் 100-க்கு 30 பேராவது கலந்துகொண்ட இடங்களில் தாய்மார்களின் இறப்பு 49 சதவீதமும், பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 33 சதவீதமும் குறைந்தன. வங்கதேசத்தில் முதலில் குழுக்கள் மிகக் குறைவு, வந்த கர்ப்பிணிகளும் குறைவு, பலன் தெரியவில்லை. அங்கேயே பிறகு குழுக்களை நெருக்கமாக அமைத்தார்கள். பச்சிளங்குழந்தைகளின் இறப்பு குறைந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினால் போதாது, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளே வந்து உட்கார வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அது வீட்டுப் பிரசவம் நடக்கும் ஊர்களின் கதை, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக வீடு வீடாக நடந்து சம்பாதித்த வெற்றி அது. அதே ஆய்வுதான், கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்றும், 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன் என்றும் சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து சேர்ந்துவிட்டோம். மிச்சமிருக்கும் சிக்கல்களில் பல அடுப்படியிலும் மனசுக்குள்ளும் இருக்கின்றன. ஊசி மருந்து மட்டும் அங்கே போதாது.

'நிறைய சாப்பிட்டா பிள்ளை பெருத்துடும், அப்புறம் ஆபரேஷன்தான்' என்று பயந்து, பசித்த வயிற்றோடு எழுந்துகொள்ளும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். சத்துணவுப் பட்டியலைக் கையில் கொடுப்பதால் அந்தப் பயம் போகாது. நன்றாகச் சாப்பிட்டுச் சுகப்பிரசவமான ஒருத்தி எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். சிசேரியன் ஆனவளும் பேச வேண்டும். மயக்க ஊசி எங்கே போட்டார்கள், எப்போது எழுந்து நடந்தாள், பிள்ளைக்கு எந்தப் பக்கமாகப் படுத்துப் பால் கொடுத்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் ஆபரேஷன் மேசையில் கொஞ்சம் தைரியத்தோடு படுப்பாள்.

நிறைமாதப் பெண்கள் பெஞ்சில் அதிகம் பேசுவது வலியைப் பற்றித்தான். சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சீரகக் கஷாயம் குடித்துப் பார்ப்பது வீட்டு வழக்கம். அனுபவசாலிகள் அதோடு சேர்த்துச் சொல்வது இன்னும் பயனுள்ளது. சூட்டு வலி வரும், போகும், படுத்தால் அடங்கும். பிரசவ வலி இடுப்பில் பிடித்து முன்னால் வரும், படுத்தாலும் நடந்தாலும் விடாது, இடைவெளி குறைந்துகொண்டே வரும்.

பிள்ளைக்கான தயாரிப்பும் இங்கேதான் பேசப்படுகிறது. பிறப்பதற்கு முன்னால் எதுவும் வாங்கிச் சேர்க்கக் கூடாது என்று பல வீடுகளில் ஒரு கட்டுப்பாடு. அதற்காக வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை. துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்தால் விரிக்க, துடைக்க, சுற்ற, எல்லாவற்றுக்கும் ஆகும். குழந்தைக்குத் தொப்பி, தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி, தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், வங்கிப் புத்தகம். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணை அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழுக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தரப்படும் 18,000 ரூபாய் உதவிக்கும் அந்த எண் வேண்டும். தவணை வராவிட்டால் யாரைப் பார்ப்பது என்பதும் முன்பு வாங்கியவளுக்குத்தான் தெரியும்.

பெஞ்சில் பேசுவதெல்லாம் சரியாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. குங்குமப்பூ குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதும் அங்கேதான் பேசப்படும். அது பணத்துக்குத்தான் கேடு. பிறந்தவுடன் சேனை வைக்க வேண்டும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும், தொப்புளில் பவுடர் போட வேண்டும் என்பவை குழந்தைக்குக் கேடு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தொப்புளில் ஒன்றும் வைக்காமல் காயவிடுவது என்பவையே சரி. அதனால்தான் பேச்சு வட்டத்தின் ஓரத்தில் ஒரு நர்ஸ் இருக்க வேண்டும் என்கிறேன். அனுபவம் பெண்களுடையதாக இருக்கட்டும். தவறு வரும்போது திருத்த ஒருவர் இருக்கட்டும்.

சில விஷயங்களைப் பேசிக்கொண்டே உட்காரக் கூடாது. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து நீர் கசிவது, முகம் வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'எனக்கும் அப்படி இருந்துச்சு, சரியாப்போச்சு' என்ற சமாதானம் ஆபத்தானது. உடனே நர்ஸிடம் போக வேண்டும். வீட்டில் இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்யப் பெரிய செலவு தேவையில்லை. அமெரிக்காவில் ஷரன் ரைசிங் என்ற பிரசவச் செவிலியர் 1990-களில் ஒரு முறையை உருவாக்கினார். ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவிக்கவிருக்கும் 10 பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். எடையையும் பிரஷரையும் தாங்களே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் தனியே பரிசோதித்த பிறகு, மீதி நேரம் முழுக்கப் பேச்சு. நம் செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பெண்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சுகளை எதிரெதிரே திருப்பிப் போட்டு, இன்றைக்கு மாத்திரையைப் பற்றிப் பேசலாமா, வலியைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு நர்ஸ் அரை மணி நேரம் தொடங்கி வைத்தால் போதும்.

வீட்டிலிருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணியை அழைத்துப் போகும் மாமியாரோ கணவனோ, ஊசி போட்ட கையோடு 'கிளம்பு, பஸ் போயிடும்' என்று அவசரப்படுத்த வேண்டாம். கூட வந்த பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பெண்ணால் மனம் திறந்து பேச முடியாது. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவள் அங்கே கேட்டுவிட்டு வரும் ஒரு பதில், நீங்கள் மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்த டானிக்கைவிடப் பெரிய வேலை செய்யக்கூடும். கர்ப்பிணிக்குச் சத்தும் ஓய்வும் வேண்டும் என்பதை நம் சமூகம் ஒப்புக்கொண்டுவிட்டது. தன்னைப் போன்ற பெண்களோடு உட்கார்ந்து பேசும் நேரமும் அவளுக்கு உரிமையானது என்பதை இனி ஒப்புக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)

அடுத்த வாரம்: அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் உடன் இருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டம் – அதை எப்படிக் கேட்டுப் பெறுவது?