டோரேமானின் வடிவமைப்பு

டோரேமான் என்பது அதே பெயருடைய ஜப்பானிய வரைகதைத் (மங்கா) தொடரின் முதன்மைப் பாத்திரமான எந்திரப் பூனை ஆகும். இது 22ஆம் நூற்றாண்டிலிருந்து கால எந்திரத்தில் வந்து, நோபிதா என்னும் நான்காம் வகுப்புச் சிறுவனுக்கு உதவுகிறது. இதனை உருவாக்கியவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரால் அறியப்படும் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ (1933–1996) ஆவார். பூனையின் உறுப்புகளை எந்திரக் கருவிகளாக மாற்றி, பின்னர் அவற்றுட் பலவற்றைப் பழுதாக்கியதே இவ்வடிவமைப்பின் நகைச்சுவைக்கு அடிப்படையாகும்.

உருவாக்கம்

இத்தொடர் 1970 ஜனவரி இதழ்களில், ஷோகாகுகான் பதிப்பகத்தின் ஆறு சிறுவர் இதழ்களில் ஒரே நேரத்தில் தொடங்கியது. முன்னறிவிப்பு வெளியானபோது பாத்திரம் முடிவாகியிருக்கவில்லை. எனவே மேசை இழுப்பறையிலிருந்து ஏதோ ஒன்று வெளிப்படுவதாக மட்டுமே அதில் காட்டப்பட்டது. பூனை ஒன்றின் நினைவும், தம் காலில் இடறிய மகளின் பொம்மையும் இணைந்து இவ்வுருவம் தோன்றியதாக ஆசிரியர் பின்னர் ஒரு வரைகதையில் காட்டியுள்ளார். சாய்த்தாலும் மீண்டும் நிமிரும் வகைப் பொம்மை அது. டோரேமானின் உருண்டையான உடல் அதிலிருந்து வந்ததாகும்.

பெயர்க் காரணம்

ஜப்பானிய மொழியில் 'டோரா நெக்கோ' என்பது தெருப்பூனையைக் குறிக்கும். 'எமோன்' என்பது பழங்கால ஆண்பெயர்களின் ஈறாகும். எதிர்கால எந்திரத்திற்குப் பழைய பாணிப் பெயர் அமைந்திருப்பதும் நகைச்சுவையின் ஒரு கூறாகும்.

உறுப்புகளும் பழுதுகளும்

* காதுகள்: எலி கடித்ததால் இழக்கப்பட்டன. எனவே இப்பூனை எலியைக் கண்டு அஞ்சுகிறது.
* மூக்கு: மனிதரைவிட 20 மடங்கு மோப்பத் திறனுடையது, பழுதடைந்துள்ளது.
* மீசை: ரேடார் போன்று செயற்படுவது, பழுதடைந்துள்ளது.
* கழுத்து மணி: பூனைகளை அழைப்பது, இதுவும் பழுதடைந்துள்ளது.
* வால்: மின்விசை போன்றது, இழுத்தால் இயக்கம் நின்றுவிடும்.
* கைகள்: விரல்களற்ற உருண்டைகள், பொருட்களை ஒட்டிப் பிடிக்கும்.
* பாதங்கள்: தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் மிதப்பவை.

உண்ணும் உணவு உடலினுள் அணு ஆற்றலாக மாற்றப்படுகிறது. இத்தகைய உயர் தொழில்நுட்பத்தைக் கொண்ட எந்திரம் பெரிதும் விரும்புவது டோராயாகி என்னும் இனிப்புப் பண்டத்தையே. இதன் தங்கை டோராமி கூடுதல் திறன் பெற்றிருப்பதற்கும் கதையில் காரணம் உண்டு. இருவருக்கும் ஒரே கலனிலிருந்து எண்ணெய் இடப்பட்டது; அடியில் தங்கிய தரமான பகுதி டோராமிக்குக் கிடைத்தது.

129.3 என்னும் எண்

டோரேமானின் உயரம் 129.3 செ.மீ., எடை 129.3 கி.கி., மார்பளவு 129.3 செ.மீ. ஆகும். எலியைக் கண்டால் தாவும் உயரமும் (செ.மீ.), ஓடும் வேகமும் (மணிக்கு கி.மீ.) அதே எண்ணே. பிறந்த நாள் 2112 செப்டம்பர் 3 ஆகும். தொடர் தொடங்கிய காலத்தில் நான்காம் வகுப்பு மாணவரின் சராசரி உயரத்தையொட்டி இவ்வளவு தெரிவு செய்யப்பட்டது. இதனால் எந்திரம் சிறுவனை மேலிருந்து நோக்குவதில்லை. இருவரின் கண்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைகின்றன.

வடிவமைப்பின் பயன்

டோரேமானை அனுப்புவது நோபிதாவின் எதிர்கால வழித்தோன்றலான செவாஷி ஆவான். நோபிதாவின் தோல்விகளால் குடும்பத்திற்கு நேர்ந்த கடன்களைக் குறைப்பதே அவனது நோக்கம். குறையற்ற எந்திரம் ஒன்று வந்திருந்தால், அது ஆசிரியராகவோ காவலராகவோ மட்டுமே இருந்திருக்கும். தானும் பழுதுடைய எந்திரமாதலால், டோரேமான் படிப்பில் பின்தங்கிய சிறுவனுக்கு நண்பனாக அமைகிறது. பெரும்பாலும் வட்டங்களால் ஆன இவ்வுருவத்தைச் சிறுவர்களும் எளிதில் வரைய இயலும்.

2008ஆம் ஆண்டில் ஜப்பானிய வெளியுறவு அமைச்சகம் டோரேமானை அனிமே தூதராக நியமித்தது. ஆசிரியரின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் 2011இல் கவாசாகி நகரில் திறக்கப்பட்டது.