உட்காராத விருந்தாளி

கமுந்திங்கில் காலைத் தேநீர்ப் பேச்சு மழையில் தொடங்கி மாத்திரையில் முடியும். தைப்பிங் வட்டாரத்து மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அதனால் மாத்திரைக்குச் சீக்கிரமே வந்துவிடுவோம். அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "தைராய்டு கூடிப்போச்சுன்னு கிளினிக்ல கார்பிமசோல் கொடுத்தாங்க. வாரக்கணக்கா சாப்பிடுறேன், படபடப்பு அப்படியேதான் இருக்கு. இந்த மருந்து வேலை செய்யுதா இல்லையா?"

அந்த மருந்தின் வேலை, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் ஒரு நொதியை முடக்குவது. நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிவினையை மட்டும் விரைவாக நடத்திவைக்கும் புரதம். இந்த நொதிக்குத் தைராய்டு பெராக்சிடேஸ் என்று பெயர். அதன் நடுவில் ஓர் இரும்பணு இருக்கிறது. நொதி முடங்கினால் புதிய ஹார்மோன் உற்பத்தி குறையும். ஆனால் சுரப்பி ஏற்கெனவே செய்து சேமித்துவைத்த கையிருப்பு இன்னும் சில வாரங்களுக்கு வரும். அது கரையும்வரை படபடப்பும் இருக்கும். டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். அவர் விடவில்லை. "தைராய்டுக்கு அயோடின்தானே வேணும்னு சொல்வாங்க? இரும்புக்கு அங்க என்ன வேலை?" இதற்கு இன்னொரு கிளாஸ் தேத்தண்ணி வேண்டும். சொல்லிவிட்டு, நிதானமாகப் பார்ப்போம்.

அயோடின், குளோரின், புரோமின் எல்லாம் ஹாலஜன் குடும்பத்தைச் சேர்ந்தவை. சாப்பாட்டு உப்பில் இருப்பது நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் குளோரின் அல்ல, குளோரைடு. அயோடின் சேர்த்த உப்பும் உடலுக்குள் போனபின் அயோடைடாகத்தான் உலவுகிறது. 'டு' விகுதி பெற்ற இவற்றிடம் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அதனால் இவற்றின் வெளிச்சுற்று நிறைந்துவிட்டது. எதன்மேலும் போய் ஒட்டிக்கொள்ளும் தேவை இல்லை. நம் இரத்தத்தில் அவ்வளவு குளோரைடு இருந்தும் நம் புரதங்கள் சும்மா இருப்பது இதனால்தான். கார்பன் அணு ஒன்றின்மேல் ஹாலஜனைப் பொருத்த வேண்டுமானால், அதாவது ஹாலஜனேற்றம் நடக்க வேண்டுமானால், யாராவது அந்த எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும். ஆக்சிஜன் ஏறிய இரும்பு அதைச் செய்யும்.

இரும்பணுவை நாங்கள் உட்கார்ந்திருக்கும் தேநீர்க்கடை மேசையாக நினைத்துக்கொள்வோம். சுற்றி ஆறு நாற்காலிகள். ஆறு அணுக்கள் இரும்போடு நேரடியாகப் பிணைய ஆறு இடங்கள். தைராய்டு பெராக்சிடேஸில் ஹீம் என்ற தட்டையான வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் நான்கு நாற்காலிகளை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரத்தத்தைச் சிவப்பாக்குவதும் ஹீம்தான். ஐந்தாவது நாற்காலியில் புரதத்தின் ஓர் உறுப்பான ஹிஸ்டிடின். ஆறாவதில் ஹைட்ரஜன் பெராக்சைடு வந்து அமர்ந்து, உடைந்து, ஓர் ஆக்சிஜன் அணுவை விட்டுவிட்டுத் தண்ணீராக வெளியேறுகிறது. இப்போது இரும்பும் அந்த ஆக்சிஜனும் எலக்ட்ரானுக்குத் தவிக்கின்றன. பக்கத்தில் வந்த அயோடைடு பறிகொடுக்கிறது. பறிகொடுத்த அயோடின், தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் வளையங்களில் ஏறுகிறது. இரண்டிரண்டு அயோடின் ஏறிய இரு டைரோசின்களை அதே நொதி இணைத்துவைத்தால், நான்கு அயோடின் கொண்ட தைராக்சின் தயார். அக்காவின் மாத்திரை குறுக்கே நிற்பது இங்கேதான்.

மரவள்ளிக்கிழங்கு வேறோர் இடத்தில் குறுக்கே நிற்கும். ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்து மக்களின் வயிற்றை நிறைத்தது அந்தக் கிழங்குதான். அதிலுள்ள சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அயோடைடு சுரப்பிக்குள் நுழையும் வாசலிலேயே அது போட்டிக்கு நிற்கிறது. அயோடின் போதுமான அளவு சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

இரும்பின் பங்கு வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கழுத்துக்கழலை வெகுவாகக் குறைந்தது. பிற்பாடு ஐவரி கோஸ்ட்டில் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு அயோடின் உப்பு அவ்வளவாகப் பலிக்கவில்லை. இரும்பையும் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கூடியது. இரும்பு மாத்திரை இரத்தத்துக்கு மட்டும்தான் என்று நினைத்து அலமாரியில் போட்டுவைக்கிறோம். கழுத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இனி எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். நொதியின் நடுவில் இரும்பு இருக்கிறது என்றதும், மாற்றம் அடையவேண்டிய பொருளை இரும்புதான் பிடித்துவைக்கிறது என்று மனம் தானே முடிவுகட்டிவிடுகிறது. அந்தப் பொருளைத் தளப்பொருள் என்பார்கள்; தைராய்டில் அது டைரோசின். சற்றுமுன் நாற்காலிகளை எண்ணினோமே, டைரோசினுக்கு அதில் எங்கே இடம்? எங்குமில்லை. அது ஒருபோதும் மேசையில் உட்காருவதில்லை. அதைப் பிடித்து நிறுத்துவது நொதிப் புரதத்தின் மடிப்புகள். இதை இன்னும் துலக்கமாகக் காட்டுவது இரும்பு நொதிகளின் இன்னொரு குலம்.

டைரோசின் வளையத்தில் எலக்ட்ரான்கள் தாராளம். பறிகொடுத்துவிட்டு வரும் அயோடினுக்கு அது வசதியான இடம். ஆனால் மூன்று ஹைட்ரஜன்களோடு சாதுவாக இருக்கும் ஒரு மெத்தில் கார்பனின்மேல் குளோரினைப் பொருத்த வேண்டுமென்றால் அந்த உபாயம் பலிக்காது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று ஒரு பாக்டீரியா, செடிகொடிகளுக்கு நோய் தருவது. அது சிரிங்கோமைசின் என்ற நஞ்சைத் தயாரிக்கும்போது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் கார்பனில் குளோரினைச் சேர்க்கிறது. சேர்ப்பது சிர்பி2 என்ற நொதி. 2005இல் கிறிஸ்டபர் வால்ஷின் ஆய்வகம் அதன் வேலையைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே அதன் படிக வடிவம் வெளியானது. படத்தைப் பார்த்தவர்களுக்கு வியப்பு.

இங்கே ஹீம் கிடையாது. இந்தக் குலத்து நொதிகள் பெரும்பாலும் ஆக்சிஜனைச் சேர்ப்பவை, அதாவது ஹைட்ராக்சில் ஏற்றுபவை. அவற்றில் மூன்று நாற்காலிகள் புரதத்துக்குச் சொந்தம்: இரண்டில் ஹிஸ்டிடின், மூன்றாவதில் ஆஸ்பார்ட்டேட்டோ குளூட்டமேட்டோ. சிர்பி2வில் அந்த மூன்றாவதன் இடத்தில் இருந்தது அலனின். அலனினுக்குக் கை குட்டை, மேசைக்கு எட்டாது. நாற்காலி காலி. அந்தக் காலி நாற்காலியில் குளோரைடு அமர்ந்திருந்தது. அடுத்த இரண்டில் ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட் என்ற சிறு மூலக்கூறு இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருக்கிறது. ஆறாவது ஆக்சிஜனுக்கு.

திரியோனின் எங்கே? அது சிர்பி1 என்ற இன்னொரு புரதத்தின் நீண்ட கையின் நுனியில் தொங்கியபடி வருகிறது. நொதிக்குள் உள்ள ஒரு குறுகலான வழியாக அந்தக் கை நீண்டு, திரியோனினை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது வந்து நின்றபிறகுதான் ஆக்சிஜன் ஆறாவது நாற்காலிக்கு விரைவாக வருகிறது. தளப்பொருள் இல்லாதபோது அந்த வேகம் பல ஆயிரம் மடங்கு குறைவு. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. தளப்பொருள் இல்லாமல் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட இரும்பு கைக்குக் கிடைத்ததை, தன் சொந்தப் புரதத்தையே கூடக் கெடுத்துவிடும்.

ஆக்சிஜன் அமர்ந்ததும் கீட்டோகுளூட்டரேட் கரியமில வாயுவை இழந்து சக்சினேட்டாகிறது. ஆக்சிஜனின் ஓர் அணு அதோடு போய்விட, மற்ற அணு இரும்பின்மேல் தங்குகிறது. முன்பு பார்த்த அதே தவிப்பு, இன்னும் கடுமையாக. அந்த ஆக்சிஜன் திரியோனினின் மெத்தில் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து, தான் ஹைட்ராக்சிலாகிறது. ஹைட்ரஜனை இழந்த கார்பன் ஒரு நொடியின் சிறு துணுக்குகூட அப்படியே இருக்காது. மேசையில் இப்போது இரண்டு பேர் அதற்கு எதிரே: ஒரு நாற்காலியில் ஹைட்ராக்சில், இன்னொன்றில் குளோரின். எதை எடுத்துக்கொள்ளும்?

எது அருகில் இருக்கிறதோ அதை. இதை 2009இல் சோதித்துக் காட்டினார்கள். திரியோனினுக்குப் பதிலாக, சங்கிலி கொஞ்சம் நீண்ட நார்வலின் என்ற அமினோ அமிலத்தை அந்தக் கையில் மாட்டிவிட்டார்கள். நொதி அதே, இரும்பும் குளோரைடும் அதே. நீண்ட சங்கிலியின் கார்பன் ஆக்சிஜன் பக்கமாகச் சாய்ந்து நின்றது. குளோரினுக்குப் பதில் பெரும்பாலும் ஹைட்ராக்சில் ஏறியது. ஹைட்ரஜன் பறிப்பும் வெகு வேகமாக நடந்தது. உண்மையான தளப்பொருளான திரியோனின் ஆக்சிஜனிலிருந்து சற்றுத் தள்ளி நிற்பதால் பறிப்பு மெதுவாகிறது. சரியான அணு ஏறுவதற்காக நொதி வேகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது.

நாற்காலியைக் காலி செய்தால் எந்த ஹைட்ராக்சில் நொதியும் குளோரின் நொதியாகிவிடும் என்றுதான் முதலில் பலரும் எதிர்பார்த்தார்கள். ஆஸ்பார்ட்டேட்டை எடுத்துவிட்டுக் குட்டைக் கை உள்ளதை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் நொதி வேலையையே நிறுத்திவிட்டது. 2017இல் சாட்ஏ என்ற ஒரு நொதியில் பலித்தது. நீலப்பச்சைப் பாசி ஒன்றில் இயல்பாகவே குளோரின் ஏற்றும் வெல்ஓ5 என்ற நொதியை அது உருவத்தில் ஒத்திருந்தது. அதில் ஒரே ஓர் ஆஸ்பார்ட்டேட்டைக் கிளைசினாக மாற்றினார்கள். குளோரின் ஏறியது, ஆனால் கூடவே ஹைட்ராக்சில் ஏறிய பொருளும் வந்தது. நாற்காலியைக் காலி செய்தார்களே தவிர, தளப்பொருள் நிற்கும் இடம் இன்னும் பழைய வேலைக்குப் பொருத்தமாகவே இருந்தது.