பைத்தான் சாக்கெட்: டைப் எரர் வந்தால் என்ன செய்வது?

பைத்தான் கற்கத் தொடங்கியவர்கள், நெட்வொர்க் வழியாக ஒரு செய்தியை அனுப்பிப் பார்க்க ஆசைப்படுவார்கள். இதற்கு உதவுவது சாக்கெட். சுவரில் பிளக் செருகும் சாக்கெட் அல்ல. இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் வாசல். ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். 127.0.0.1 என்ற முகவரி உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கும். இரண்டு விண்டோக்களைத் திறந்து, ஒன்றில் சர்வரையும் மற்றொன்றில் கிளையன்டையும் இயக்கலாம்.

இயக்கியவுடன் பலருக்கும் கிடைப்பது டைப் எரர். ஒரு வகை டேட்டாவை எதிர்பார்த்த இடத்தில் வேறு வகையைத் தந்துவிட்டீர்கள் என்பது இதன் பொருள். எரர் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். காரணம் அங்கேதான் இருக்கும்.

கனெக்ட் கட்டளை ஒரே ஒரு பொருளைத்தான் ஏற்கும். முகவரி, போர்ட் எண் இரண்டையும் தனித்தனியே தந்தால் மறுத்துவிடும். இரண்டையும் இன்னொரு அடைப்புக்குறிக்குள் சேர்த்து, அதாவது இரட்டை அடைப்புக்குறியுடன், தர வேண்டும். போர்ட் எண் மேற்கோள் குறிக்குள் இருக்கக் கூடாது. இன்புட் மூலம் கேட்டு வாங்கிய எண்ணும் எழுத்தாகவே வரும். இன்ட் மூலம் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

அதிகம் படுத்துவது அடுத்ததுதான். சென்ட் கட்டளையில் ஒரு சொல்லைத் தந்தால், "பைட்ஸ் வேண்டும், ஸ்ட்ரிங் அல்ல" என்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து அப்படியே டைப் செய்தவர்களுக்கு இது நிச்சயம் வரும். அவை பைத்தான் 2-க்காக எழுதப்பட்டவை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, எழுத்தையும் பைட்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் நின்றுபோனது. எனவே புத்தகத்தைத்தான் மாற்ற வேண்டும்!

நெட்வொர்க்கில் பைட்டுகள் மட்டுமே பயணிக்கும். அனுப்பும் முன் என்கோட், பெற்ற பின் டீகோட் செய்திடவும். மேற்கோள் குறிக்கு முன் பி எழுத்தைச் சேர்க்கும் குறுக்கு வழி ஆங்கிலத்திற்குச் சரி, தமிழுக்கு எடுபடாது. பெறும் பக்கத்தில் சிலர் எஸ்.டி.ஆர். கட்டளையால் மாற்றுகிறார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரர் வராது, ஆனால் தமிழ் எழுத்துக்குப் பதில் சாய்கோடும் எண்களும் கலந்த குப்பைதான் திரையில் தெரியும். எரர் வருவதே மேல்.

தமிழில் அனுப்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யு.டி.எஃப்-8 முறையில் "அ" என்ற ஓர் எழுத்துக்கு 3 பைட்டுகள். புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் "வணக்கம்" என்பதில் 7 குறியீடுகள், 21 பைட்டுகள். நாம் வழக்கமாக 1024 பைட்டுகளாகப் பெறுகிறோம். நீண்ட செய்தியானால் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழலாம். அப்போது டீகோட் செய்தால், டைப் எரருக்குப் பதில் யுனிகோட் டீகோட் எரர் வரும். ஒவ்வொரு துண்டையும் உடனே மாற்றாமல், பைட்டுகளாகவே சேர்த்து வையுங்கள். எதிர்ப்பக்கம் இணைப்பை மூடியதும் ரெசீவ் கட்டளை வெற்று பைட்ஸைத் தரும். அதன் பிறகு மொத்தத்தையும் ஒரே முறை டீகோட் செய்திடவும்.