தேமல்தானே என்று விட்டுவிடாதீர்கள்!

ஆடிப்பெருக்குக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் சாதம் வடித்தபோது, முன்கையில் கொதிகஞ்சி தெறித்தது. அவளோ கையை உதறக்கூட இல்லை. பதறிப் போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் வெளிறிய படை! "தேமல்தான் அண்ணி. கடையில களிம்பு வாங்கி ஆறு மாசமா தடவறேன்" என்றாள்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் படையைத் தொட்டார். அவளுக்குத் தெரியவே இல்லை. தேமலில் உணர்ச்சி இருக்குமாம். இது தொழுநோயின் ஆரம்பமாம்.

"வெளியே தெரிஞ்சா தள்ளி வச்சிடுவாங்க அண்ணி" என்று அழுதாள். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாதபடி 2019-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள் என்று சொல்லித் தேற்றினேன். மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் பிறருக்குத் தொற்றாது என்று அவள் கணவரிடம் டாக்டரே விளக்கினார்.

கூட்டு மருந்து முழுக்க இலவசம். பொதுவாக, 5 படை வரை என்றால் 6 மாதம். அதற்கு மேல் என்றால் 12 மாதம். மாதாந்திர மாத்திரை சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நடுவில் மட்டும் நிறுத்தவே கூடாது. கவனிக்காமல் விட்டால் விரல்கள் மடங்கிப் போகும்.

மாசி மகத்துக்கு வந்தவளின் கையில் படை மங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. சகோதரிகளே, உணர்ச்சியில்லாத படையைக் கண்டால் மூடி மறைக்காதீர்கள்!

- ஒரு வாசகி, திருவையாறு.