லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள்!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. ஒரு காலத்தில் ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு. இப்போது திரும்பிய பக்கம் எல்லாம் கம்ப்யூட்டர், செல்போன், லேப்டாப்.

சனிக்கிழமை மாலை. நடக்க இடம் இல்லாத கூட்டம். ஒரு கடைக்குள் அப்பாவும் மகனும் நின்று கொண்டிருந்தார்கள்.

அப்பா தனியார் கம்பெனியில் குமாஸ்தா. கையில் மஞ்சள் பை. பைக்குள் ஏலச்சீட்டு எடுத்த பணம் ரூ.85 ஆயிரம். "இதுக்கு மேல என்கிட்ட பைசா கிடையாது" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

மகனுக்கு 22 வயது இருக்கும். கல்யாண வீடியோ ஸ்டூடியோ ஒன்றில் வேலை. காலையில் முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து 5 நிமிடப் படம் தயார் செய்ய வேண்டும். மாலை வரவேற்பில் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். இதற்குத் தனிக் கூலி உண்டு. ஆனால் சொந்த மெஷின் இருப்பவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும்.

ராத்திரியில் கேம் ஆடவும் ஆசை. அதை மட்டும் மெல்லிய குரலில் சொன்னான். அப்பா முறைத்தார்.

7 பெரிசா, 5 பெரிசா?

அப்பாவின் கண் ஒரு வெள்ளி நிற லேப்டாப் மேல் விழுந்தது. மெல்லியது. அழகானது. "ஐ-7" என்று ஸ்டிக்கர் வேறு மின்னியது.

"5-ஐ விட 7 பெரிசுதானே? இதையே போடுங்க" என்றார்.

சரி என்று பில் போட்டிருந்தால் கடைக்காரருக்கு வேலை முடிந்தது. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் கூறியதாவது:-

"சார், நம்பரை மட்டும் பார்க்காதீங்க. கடைசி எழுத்தைப் பாருங்க. இது ஐ-7 1355யு. 'யு'ன்னா கரண்ட் மிச்சம் பிடிக்கிற ரகம். இதுல பெரிய கோர் ரெண்டே ரெண்டு. அதோ அந்த குண்டு மெஷின் ஐ-5 12450எச். அதுல பெரிய கோர் நாலு. கணக்கு வழக்கு பார்க்க இந்த ஐ-7 ஜோரா இருக்கும். தம்பி வேலைக்கு ஆகாது. இதுல தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாதே!"

அப்பா கையை எடுத்துக் கொண்டார்.

ஒரே பெயர், வேறு பலம்!

கேம் ஆனாலும் சரி, வீடியோ ஆனாலும் சரி, கிராபிக்ஸ் கார்டுதான் உயிர்நாடி. கையில் இருக்கும் பணத்தை முதலில் அதில்தான் போட வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஆர்.டி.எக்ஸ்.4050 என்ற லேப்டாப் கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்திக் கொள்ள என்விடியா கம்பெனி இடம் கொடுத்திருக்கிறது. வெளியே ஒரே ஸ்டிக்கர்தான். உள்ளே ஒன்று பந்தயக் குதிரை, இன்னொன்று ஜட்கா குதிரை. குறைந்த வாட் கார்டு உள்ள மெஷினை "4050" என்று நம்பி வாங்கிவிட்டு, கேம் திக்கித் திணறுகிறதே என்று பிறகு புலம்பிப் பயன் இல்லை. "அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் எத்தனை வாட்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால், அந்த மாடலைத் தயாரித்த கம்பெனியின் விவரப் பக்கத்தை அங்கேயே செல்போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கார்டுக்கு என்று சொந்த மெமரி உண்டு. அதையும் பாருங்கள். 2050-ல் 4 ஜி.பி. 3050-ல் 4 ஜி.பி.யும் உண்டு, 6 ஜி.பி.யும் உண்டு. 4050-ல் 6. 4060-லும், 2025-ல் வந்த 5050-லும் 8. புதிய கேம்களுக்கு 4 ஜி.பி. போதாமல் போகிறது. 4கே வீடியோவில் நாலைந்து எபெக்ட் ஏற்றினால் "மெமரி இல்லை" என்று மெஷின் கையை விரித்துவிடும். என்னைக் கேட்டால், வீடியோவை நம்பிப் பிழைப்பவர் 6-க்குக் கீழே இறங்கக் கூடாது.

கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் 4050 கார்டு. ஒன்றில் ஏ.எம்.டி. ரைசன் 7 7435எச்.எஸ். இன்னொன்றில் முன்பு காட்டிய அதே ஐ-5. மகன் ரைசன் பக்கம் சாய்ந்தான். 8 கோர் ஆயிற்றே!

"தம்பி, உங்க ஸ்டூடியோவுல என்ன கேமரா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சோனி, அண்ணே. எச்.265, 10 பிட், 4:2:2-ல எடுக்கறோம்."

உடனே ரைசன் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த வகை வீடியோவைப் பிரித்துப் படிப்பது மெஷினுக்குப் பெரும்பாடு. இன்டெல் 11-வது தலைமுறை முதல் சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்சுக்கு அந்த வித்தை தெரியும். என்விடியாவில் 50 வரிசைக்குத்தான் அது வந்தது. 4050-க்குத் தெரியாது. 7435எச்.எஸ். சிப்பிலோ உள் கிராபிக்சே கிடையாது. ஆக, பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டால் இன்டெல் மெஷினில் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ரைசன் மெஷினில் தட்டுத் தடுமாறும். சின்ன அளவில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு வெட்டலாம். ஆனால் காலையில் தாலி கட்டி மாலையில் படம் காட்ட வேண்டியவனுக்கு நகல் எடுக்க நேரம் ஏது?

கேமுக்கு மட்டும் என்றால் அந்த ரைசனும் தங்கமான மெஷின்தான். என்ன, உள் கிராபிக்ஸ் இல்லாததால் எப்போதும் பெரிய கார்டே ஓட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

புடவை கலர் மாறினால்?

அடுத்து திரை. விலை குறைந்த கேமிங் லேப்டாப் பலவற்றில் "45 சதவீத என்.டி.எஸ்.சி." திரையைப் போட்டு விடுகிறார்கள். கேம் ஆடத் தெரியாத குறை ஒன்றும் இல்லை. ஆனால் நிறம் வெளுத்துத் தெரியும். இதில் பார்த்து அரக்குக் கூறைப்புடவைக்கு நிறம் ஏற்றினால், பெண் வீட்டார் செல்போனில் அது ரத்தச் சிவப்பாக எரியும். அப்புறம் வசவுதான். "100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி." என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பிற்பாடு நல்ல மானிட்டர் ஒன்றை வாங்கிச் சேர்த்துக் கொள்ளலாம்.

ராம் 16 ஜி.பி. வேண்டும். அதுவும் 8 + 8 என்று ஜோடியாக. ஒற்றைக் குச்சி என்றால் இருவழிச் சாலையில் ஒருவழியை அடைத்தது போல. "8-ஓடு வாங்கு, அப்புறம் ஏத்திக்கலாம்" என்ற பழைய யோசனை இப்போது எடுபடாது. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம்.

இடமும் முக்கியம். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. ஆகிறது. 5 மணி நேரக் கல்யாணம் என்றால் 225 ஜி.பி. காலி! 512 ஜி.பி. மெஷினில் ஒரு பெரிய கேமும் ஒரு கல்யாணமும் சேர்ந்து குடியிருப்பது நெருக்கடிதான். இரண்டாவது எஸ்.எஸ்.டி. செருக இடம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

"பில் வேண்டாம்னா 2 ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்று யாராவது காதைக் கடித்தால், நடையைக் கட்டுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டியும் இல்லாமல் இவ்வளவு பணத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மெஷினை வெளியே தூக்கிப் போக வேண்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே காசுக்கு மேஜைக் கம்ப்யூட்டரில் இன்னும் பலமான கார்டு கிடைக்கும். சூடும் குறைவு. இந்தப் பையனுக்கு மண்டபம் மண்டபமாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால் லேப்டாப்.

கடைசியில் ஐ-5 மெஷினே முடிவானது. ஆனால் விலை கைப்பணத்துக்கு மேல் ரூ.3 ஆயிரம் நின்றது. அப்பா பேசாமல் இருந்தார். மகன் தன் பர்சில் இருந்து 500 ரூபாய் நோட்டுகள் ஆறை எடுத்து வைத்தான். போன மாதம் மண்டபத்தில் கிடைத்த கூலியாம்.

பில் போடும்போது கடைக்காரர் மகனிடம், "மெத்தை மேல வச்சு ஓட்டாதே தம்பி, காத்து போகாம சூடாகிடும். கேமும் எடிட்டிங்கும் எப்பவும் சார்ஜர் போட்டே பண்ணு. பேட்டரியில கார்டு பாதி பலத்துலகூட ஓடாது" என்றார்.

அப்பாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"அப்படியா? சார்ஜரைத் தனியா கட்டிக் குடுங்க. ராத்திரி 10 மணிக்கு மேல அது என் பீரோவுல இருக்கும்!"