முத்துக்குளித்துறைச் சொற்களும் வலையொலிவழிக் கற்றலும்

செவிவழிக் கல்வி முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. 1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழாக்கப்பட்ட மன்றாட்டுகளை மனனம் செய்து, உரக்கச் சொல்லி, மக்களைத் திரும்பச் சொல்லவைத்தே கற்பித்தார். ‘பாட்காஸ்ட்’ என்னும் சொல் 2004-இல் தோன்றியது. தமிழில் அது வலையொலி எனப்படுகிறது. வானொலி நிகழ்ச்சி ஒலித்த கணத்திலேயே கடந்துவிடும்; வலையொலியைக் கற்பவர் நிறுத்தலாம், மீண்டும் மீண்டும் கேட்கலாம். வட்டாரச் சொல்லாய்வுக்கு வேண்டுவது இவ்வியல்பே.

மேல்காற்றை இலக்கியம் கோடை என்னும். கடற்றொழிலாளர் கச்சான் என்பர். முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் உள்ளது. ஆயினும் அதன் முதலெழுத்தைக் கடற்கரையார் சகரமாக ஒலிப்பரா, ஸகரமாக ஒலிப்பரா என்பதை எழுத்து காட்டாது. பேச்சில் அச்சொல் பெறும் ஏற்ற இறக்கத்தையும் காட்டாது. தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அன்று இருபது வயதில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். பதிவுக்குரிய காலம் மிகக் குறுகியது.

இதே மன்னார் வளைகுடாவில், பாம்பனில் 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ மீனவர் சமுதாய வானொலி நல்ல முன்மாதிரி. சமுதாய வானொலி எட்டும் தொலைவு சிறிது; அத்தகைய ஒலிப்பதிவுகள் வலையொலியானால் தூத்துக்குடி வகுப்பறையும் கேட்கும்.

பகுதிக்கு ஒரு சொல் போதும். பேசுபவரின் ஊர், வயது, பதிவு நாள், இசைவு ஆகியவற்றுடன் எழுத்துப்படியும் இணைதல் வேண்டும். வலைத்தளம் ஆவணக்காப்பகமன்று, கட்டணம் நின்றால் குரலும் மறையும். எனவே மூலப்பதிவின் படியொன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருத்தல் இன்றியமையாதது.